முகம் அவர்களுடையது, படக்குறிப்பு யாருடையது?

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கூட்டம் சேரத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை மாலை. துணிக்கடை ஒன்றின் அஞ்சடித் தூணுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி ஈரத்துணியில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாழையிலைக் கட்டு, பாக்கு, ஒரு சின்னத் தராசு. சாயங்கால வெயில் அவர் முகத்தில் பாதியில் மட்டும் விழுந்திருந்தது. நான் சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்று, தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸை மாட்டி, அவருக்குத் தெரியாமலேயே ஏழெட்டுப் படம் எடுத்தேன்.

செய்திக்காக எடுத்த படம் அல்ல. விடுமுறை நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பது என் பழக்கம். நன்றாக அமைந்த ஒன்றை அன்றிரவே என் முகநூலில் போட்டு, "உழைப்புக்கு வயது தடையில்லை" என்று கீழே எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் அதே படம் என் அத்தையின் கைப்பேசியிலிருந்து எங்கள் குடும்பப் புலனக் குழுவுக்கு வந்து சேர்ந்தது. என் பெயர் இல்லை. நான் எழுதிய வரியும் இல்லை. "ஐந்து பிள்ளைகளைப் பெற்றும் தெருவில் விடப்பட்ட தாய். தமிழனாக இருந்தால் பகிருங்கள்" என்று யாரோ புதிதாக எழுதியிருந்தார்கள். டிக் டாக்கில் அது சோக இசையோடு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கத்தில், உதவ விரும்புவோருக்கு ஒரு வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தது. அது பாட்டியின் கணக்கு அல்ல.

மறுநாளே கிள்ளானுக்கு ஓடினேன். படம் எடுத்தது நான்தான் என்று சொன்னேன். பாட்டி சத்தம் போடவில்லை. வெற்றிலையை அடுக்கிக்கொண்டே கேட்டார்:

"எம்மவன் எனக்குச் சோறு போடலன்னு ஒங்கிட்ட வந்து சொன்னனா, கண்ணு?"

அவர் ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு டவுனுக்கு வந்து, முப்பது வருடமாக அதே இடத்தில் வியாபாரம் செய்கிறார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்த மகனோடுதான் இருக்கிறார். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் கடைக்கு வருகிறார். படம் பரவியதும் மகனின் வேலையிடத்தில் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மருமகள் அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. பாட்டியின் வருத்தம் இவற்றையெல்லாம் விடப் பெரியது.

"ஆளுங்க வராங்க. பத்து வெள்ளிய வச்சிட்டு வெத்தல எடுக்காமப் போறாங்க. நான் என்ன கையேந்தியா ஒக்காந்திருக்கேன்?"

என்னிடம் பதில் இல்லை. பொய்யை எழுதியது நான் அல்லதான். ஆனால், அந்தப் பொய்யை எழுத இடம் விட்டு வைத்தது நான். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் யார், ஏன் அங்கே இருக்கிறார் என்பதும் தெரியாது. ஒரு முகத்தை மட்டும் எடுத்து வெளியே விட்டேன். வேலி இல்லாத நிலம்போல அது கிடந்தது. வந்தவர்கள் அவரவர் வசதிக்குக் குடிசை போட்டுக்கொண்டார்கள்.

இன்று கேமரா இல்லாத கையே இல்லை. அதனால் இது என் ஒருத்தியின் பிரச்சினை இல்லை. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், பினாங்கு லெபோ பசார், பத்துமலை என எங்கு நின்றாலும் முன்பின் தெரியாதவர் நம்மைப் படம் எடுக்கலாம், நாமும் எடுக்கலாம். அப்படி எடுப்பது சரியா தவறா என்ற விவாதம் அவ்வப்போது சமூக ஊடகங்களில் எழுந்து அடங்குகிறது. அந்த விவாதம் பெரும்பாலும் 'படம் எடுக்கலாமா' என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. எடுத்த படத்துக்குக் கீழே யார், எதை, யாரைக் கேட்டு எழுதுகிறார்கள் என்பதுதான் அதைவிட முக்கியமான கேள்வி என்பது பாட்டியிடம் நான் கற்ற பாடம்.

சட்டம் எதுவரை வரும்?

பொது இடத்தில் இருக்கும் ஒருவரைப் படம் எடுக்க அவருடைய அனுமதியை வாங்கியாக வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் பொதுச் சட்டம் மலேசியாவில் இல்லை. பேரங்காடி, மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அவற்றின் நிர்வாகம் தனி விதி வைத்திருக்கலாம். தெருவுக்கு அப்படி எதுவும் கிடையாது.

2004ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் பதிவான ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். பாலர் பள்ளிக்கு வெளியே எடுத்த குழந்தைகளின் குழுப் படம் நாளிதழ் விளம்பரத்தில் வந்துவிட்டது. ஒரு குழந்தையின் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. தனியுரிமை மீறல் என்ற பெயரில் வழக்குத் தொடர நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்றும், திறந்த வெளியில் எடுத்த படத்தில் இரகசியம் எதுவும் இல்லை என்றும் உயர்நீதிமன்றம் முடிவு செய்தது.

பிறகு நிலைமை கொஞ்சம் நகர்ந்தது. 2010இல் சிவராசா ராசையா தொடர்ந்த வழக்கில், அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்துக்குள் தனியுரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் கூறியது. ஆனால் அரசியலமைப்பு உரிமை முதன்மையாக அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்கும் உரிமை. முகநூல் பக்கம் நடத்தும் ஒருவரைப் பார்த்து அதை நீட்டுவது எளிதல்ல. சிகிச்சையின்போது நோயாளியான ஒரு பெண்ணை அவர் சம்மதமின்றி மருத்துவர் படம் எடுத்த வழக்கில், அது தனியுரிமை மீறலே என்று பினாங்கு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நின்றது உடல், மானம், கண்ணியம் என்ற தளத்தில். அஞ்சடியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகத்துக்கு அது எட்டுமா என்பது வேறு கேள்வி.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது வணிக நடவடிக்கைகளுக்கான சட்டம். ஒருவர் தம் சொந்த, குடும்ப விவகாரத்துக்காக வைத்திருக்கும் தரவுக்கு அது பொருந்தாது. செய்தித்துறை, இலக்கியம், கலை ஆகியவற்றுக்கும் நிபந்தனையோடு விலக்கு உண்டு. 2024இல் செய்யப்பட்ட திருத்தம் 2025இல் கட்டம் கட்டமாக நடப்புக்கு வந்தபோது, கைரேகை, முக அமைப்பு போன்ற உடற்கூற்றுத் தரவுகளும் அதிகப் பாதுகாப்பு தேவைப்படும் பட்டியலில் சேர்ந்தன. முகத்தைக் கணினி கொண்டு அடையாளம் காணும் நிறுவனங்களுக்கு இது கடிவாளம்தான். ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு திரியும் என்னைப் போன்றவர்களை அது தொடவில்லை.

ஒருவரின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு அவருடைய தனிமைக்குள் நுழைந்தால் தண்டனைச் சட்டம் 509ஆவது பிரிவு இருக்கிறது. இணையத்தில் பொய்யோ மிரட்டலோ பரப்பினால் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு இருக்கிறது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டம், தீங்கான உள்ளடக்கத்தைக் கையாளும் பொறுப்பைச் சமூக ஊடக நிறுவனங்களின் தலையில் வைக்கிறது. நிதி மோசடி, தொல்லை தரும் உள்ளடக்கம் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு.

இவற்றை வெற்றிலைப் பாட்டியின் கதையோடு பொருத்திப் பாருங்கள். வங்கிக் கணக்கு எண் போட்டவரைச் சட்டம் பிடிக்கலாம். படம் எடுத்த என்னைப் பிடிக்காது. "தெருவில் விடப்பட்ட தாய்" என்று எழுதியவர் மீது மகன் அவதூறு வழக்குப் போடலாம். வழக்கறிஞர் கட்டணத்துக்கு எத்தனை கட்டு வெற்றிலை விற்க வேண்டும் என்று அதற்குமுன் கணக்குப் பார்க்க வேண்டும்.

வெளிநாடுகளிலும் ஒரே பதில் இல்லை. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் நடந்துபோனவர்களின் முகங்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துக் காட்சிக்கு வைத்தார் பிலிப் லோர்கா டிகோர்சியா. தம் முகத்தைக் கண்ட ஒருவர் மத நம்பிக்கையைச் சொல்லி வழக்குப் போட்டார். படம் கலை என்ற அடிப்படையில் 2006இல் அந்த வழக்கு தள்ளுபடியானது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நடந்தது நேர்மாறு. கட்டடப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை அனுமதியின்றி ஒரு கலை இதழ் வெளியிட்டது. 1998இல் கனடா உச்சநீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று, 2,000 டாலர் இழப்பீட்டை உறுதி செய்தது. ஓரிடத்தில் கலைஞரின் சுதந்திரம் முந்துகிறது. இன்னோரிடத்தில் முகத்துக்குரியவரின் உரிமை முந்துகிறது. நம் நாட்டுச் சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. சட்டம் வந்து சேரும்வரை மிச்சத்தை நம் வழக்கமும் நாகரிகமும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயரில்லாத முகங்கள்

நம் மக்களைப் பொறுத்தவரை இந்தக் கதை டிக் டாக்கோடு தொடங்கவில்லை.

1862இல் இந்த வட்டாரத்துக்கு வந்த ஸ்காட்லாந்துப் படப்பிடிப்பாளர் ஜான் தாம்சன் பல மாதங்கள் பினாங்கில் தங்கிப் படம் எடுத்தார். மனிதக் கை படாமல் உருவத்தைப் பிடிக்கும் வேலையில் சீனர்கள் சேர மறுத்ததால், மெட்ராஸிலிருந்து வந்த இருவரைப் பழக்கி உதவியாளர்களாக வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். இந்த மண்ணில் கேமராவின் இருட்டறைக்குள் மிக ஆரம்பத்தில் நின்றவர்களில் நம்மவர் இருவர் இருந்திருக்கிறார்கள். தாம்சனின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அந்த இருவரும் 'மெட்ராஸ் ஆட்கள்' மட்டுமே.

1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜி.ஆர். லம்பர்ட் நிறுவனம் மலாயாவின் காட்சிகளையும் மனிதர்களையும் எடுத்து விற்றது. அந்தக் காலத்து அஞ்சலட்டைகளை இன்றும் பழம்பொருள் வியாபாரிகளிடம் பார்க்கலாம். மூக்குத்தி போட்ட பெண், தலைப்பாகை கட்டிய வண்டிக்காரர், தோட்டத் தொழிலாளர் குடும்பம். கீழே 'தமிழ்ப் பெண்', 'கிளிங் ஆள்', 'தமிழ்க் கூலிகள்' என்று அச்சடித்திருக்கும். ஒரு தாய் வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைக்கப்பட்டாள் என்பதை வாங்கியவரும் கேட்கவில்லை, விற்றவரும் கேட்கவில்லை. முகம் நம்முடையது, குறிப்பு எழுதியவர் வேறொருவர்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற 'புலம்பெயர்ந்த தாய்' படத்துக்கும் இதே கதைதான். 1936இல் கலிபோர்னியாவில் கூடாரமொன்றில் பிள்ளைகளோடு இருந்த ஒரு தாயை டோரதியா லாங் படம் எடுத்தார். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. உணவுக்காக அந்தக் குடும்பம் காரின் டயர்களை விற்றுவிட்டது என்று குறிப்பெழுதினார். விற்பதற்கு எங்களிடம் டயரே இல்லை, அப்படி நடக்கவில்லை என்று அந்தப் பிள்ளைகள் பிற்காலத்தில் மறுத்தார்கள். அந்தத் தாயின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியே வந்தது. உலகமே தம்மை வறுமையின் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவருக்கு மனக்கசப்பு இருந்தது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1983இல் அவர் நோயில் விழுந்தபோது, அதே படத்தை நினைவில் வைத்திருந்த மக்கள் ஆயிரக்கணக்கான டாலர் அனுப்பினார்கள். படம் காயமும் செய்யும், மருந்தும் போடும். எது நடக்கும் என்பதை எடுப்பவர் முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது. அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் தொல்காப்பியம் படித்தபோது ஒரு விதி எனக்கு விளையாட்டாகத் தெரிந்தது. அகப்பாடலில் வரும் தலைவனையோ தலைவியையோ இன்னார் என்று பெயர் சுட்டக்கூடாது. ஒரு பெண்ணின் காத்திருப்பையும் கண்ணீரையும் கோபத்தையும் ஊரறியப் பாடலாம். அவள் யார் என்று மட்டும் காட்டக்கூடாது. இப்போது நினைத்தால் அது எவ்வளவு பெரிய நாகரிகம் என்று தோன்றுகிறது. கவிஞனுக்கு அந்த வசதி இருந்தது. கேமராவுக்கு இல்லை. முகத்தைக் காட்டிய கணமே ஆளைக் காட்டியாகிவிட்டது. அப்படி இருக்கும்போது, அந்த முகத்தின் மேல் நாமாக ஒரு துயரத்தை எழுதுவது இரட்டைத் தவறு.

சுவரில் ஏறும் படம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். லயத்து வீடுகளில் படம் என்பது அடிக்கடி எடுக்கிற பொருள் அல்ல. கல்யாணத்துக்கு ஒன்று, பள்ளியில் வகுப்போடு ஒன்று, அடையாளக் கார்டுக்கு ஒன்று. டவுன் ஸ்டூடியோவில் குடும்பமாக எடுத்துக்கொள்வதென்றால் நல்ல சேலை, பவுடர், தலையில் பூ எல்லாம் வேண்டும். கேமராவுக்கு முன்னால் நிற்பது அவர்களுக்கு ஒரு காரியம். எப்படி நிற்பது, யார் பக்கத்தில் உட்காருவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

சட்டம் போட்டுச் சுவரில் ஒருவருடைய முகம் பெரிதாக ஏறுவது பெரும்பாலும் அவர் போன பிறகுதான். அதற்கும் அடையாளக் கார்டுப் படத்தைத்தான் பெரிதாக்கிக் கோட்டும் டையும் ஒட்டிக் கொடுப்பார்கள். எங்கள் தாத்தா வாழ்நாளில் கோட்டுப் போட்டதில்லை. சுவரில் கோட்டோடுதான் இருக்கிறார். வீட்டில் யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. பிள்ளைகள் அவருக்குச் செய்த மரியாதை அது.

இந்தப் பழக்கத்தில் வந்தவர்களைத்தான் நாம் இன்று தெருவில் கேட்காமல் எடுக்கிறோம். அழுக்கு வேட்டியோடு, வியர்வையோடு, சோர்ந்து சாய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து எடுக்கிறோம். அதை இயல்பு என்கிறோம், உண்மை என்கிறோம். உண்மையாகவே இருக்கட்டும். ஒரு மனிதரிடம் ஆயிரம் கணங்கள் இருக்க, எல்லோருடைய கேமராவும் அந்த ஒரே கணத்தைத் தேடிப் போனால், அடுத்த இனத்தவர் கண்ணில் நாம் யாராகத் தெரிவோம்? குடித்துக் கிடப்பவர், கையேந்துபவர், அலகு குத்தியவர். பழைய அஞ்சலட்டையில் அச்சடித்த குறிப்பை இன்று நாமே கையால் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நாங்களும் விதிவிலக்கல்ல

இந்த இடத்தில் ஊடகத்தில் இருக்கும் நாங்களும் கண்ணாடி பார்க்க வேண்டும். 2021இல் கோவிட் முடக்கத்தின்போது சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகள் வெள்ளைக் கொடி ஏற்றின. இன, மத வேறுபாடின்றி மக்கள் ஓடி உதவினார்கள். அது இந்த நாட்டின் நல்ல முகம். அதே நேரத்தில், ஐந்து கிலோ அரிசியை ஆறு பேர் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்க, நடுவில் தலைகுனிந்து ஒரு தாய் நிற்கும் படங்களும் வரிசையாக வந்தன.

முடக்கம் போய்விட்டது, அந்தப் படம் போகவில்லை. மாதிரிக் காசோலை, சக்கர நாற்காலி, பள்ளிப் பை, தீபாவளிப் பொட்டலம். கொடுப்பவரின் பெயர், பதவி, இயக்கம் எல்லாம் குறிப்பில் தெளிவாக இருக்கும். வாங்குபவர் 'வசதி குறைந்த குடும்பத்தினர்'. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை இலவசக் காலணி வாங்கும் படம் அவன் இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகும் இணையத்தில் இருக்கும். வகுப்பில் ஒருவன் தேடி எடுத்துக் காட்டினால் போதும். "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம், பொட்டலம் இன்னும் கைக்கு வராத நேரத்தில் எத்தனை பேருக்கு இருக்கும்?

இப்படிப்பட்ட படங்களை நானும் எடுத்திருக்கிறேன். செய்தியோடு அனுப்பியும் இருக்கிறேன். இப்போது கொடுக்கும் கையையும் பொருளையும் மட்டும் எடுக்கிறேன். முகம் வேண்டுமென்றால் நிகழ்ச்சி முடிந்து பொட்டலம் வீட்டுக்குப் போன பிறகு கேட்கிறேன். சிலர் சம்மதிக்கிறார்கள். அப்போது அவர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள்.

கேட்டால் இயல்பு போய்விடுமே?

தெருப் படம் எடுக்கும் நண்பர்கள் வைக்கும் வாதம் இது. பொய்யான வாதம் அல்ல. கேமராவைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். அந்த ஒரு நொடி திரும்ப வராது. தெருவில் கேட்காமல் எடுத்த படங்கள் இல்லையென்றால் நம் வரலாற்றில் பாதி இருக்காது. 2007 நவம்பர் 25ஆம் தேதி ஹிண்ட்ராப் பேரணியில் கோலாலம்பூர் தெருக்களில் நின்ற ஆயிரக்கணக்கானோரிடம் எந்தப் படப்பிடிப்பாளரும் கையெழுத்து வாங்கவில்லை. வாங்கியிருக்கவும் கூடாது. கண்ணீர்ப்புகைக்கு நடுவில் நின்றவர்கள் உலகம் தங்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தார்கள்.

ஆகவே எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. கூட்டம் வேறு, கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுப்பது வேறு. பத்துமலையின் 272 படிகளில் காவடியோடு ஏறுபவர் ஊர்வலத்தில் இருக்கிறார். அது எல்லோரும் காணும் காட்சி. ஆற்றங்கரையில் நீராடிவிட்டு நனைந்த சேலையோடு ஒதுங்கி நிற்கும் பெண், அருள் வந்து தன்னை மறந்து விழுந்தவர், முடியிறக்கும்போது அழும் குழந்தை ஆகியோர் காட்சிப் பொருள் இல்லை. அவர்களும் பொது இடத்தில்தான் இருக்கிறார்கள். பொது இடத்தில் இருப்பதால் ஒருவர் பொதுச்சொத்து ஆகிவிடுவதில்லை.

நொடி போய்விடும் என்று பயந்தால் முதலில் எடுத்துவிட்டுப் பிறகு போய்க் காட்டலாம். "பாட்டி, ஒங்கள இப்படி எடுத்தேன், பாருங்க" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். பிடிக்கவில்லை என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடலாம். பிராண்டன் ஸ்டாண்டன் 2010இல் நியூயார்க்கில் தொடங்கிய 'ஹியூமன்ஸ் ஆஃப் நியூயார்க்' உலகம் முழுவதும் பரவியதற்கு அவருடைய கேமரா மட்டும் காரணமில்லை. படத்துக்குக் கீழே இருந்த பேச்சு படத்தில் இருந்தவருடையது. நம் ஊரில் கேமரா நிறைய இருக்கிறது. உட்கார்ந்து கேட்கும் பொறுமைதான் குறைவு.

நாம் என்ன செய்யலாம்?

எடுப்பவர்களுக்கு: தனி ஒருவரின் முகம் என்றால் கேளுங்கள், குறைந்தது எடுத்த பிறகாவது காட்டுங்கள். எங்கே போடப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "முகநூல்" என்றால் என்னவென்று தெரியாத பெரியவராக இருந்தால், "ஊரே பார்க்கும்" என்று விளக்குங்கள். குறிப்பை அவரிடம் படித்துக் காட்டுங்கள். குழந்தை என்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் வேண்டவே வேண்டாம். தெரியாததை எழுதாதீர்கள். "அனாதை", "கைவிடப்பட்டவர்", "குடிகாரர்" போன்ற சொற்கள் ஒரு குடும்பத்தின் மீது வைக்கும் குற்றச்சாட்டு.

பகிர்பவர்களுக்கு: இந்தக் கதையில் மிகப் பெரிய கூட்டம் நீங்கள்தான். என் அத்தை கெட்டவர் அல்ல. அந்தப் படத்தைப் பார்த்துக் கண்கலங்கித்தான் அனுப்பினார். இடம் இல்லை, தேதி இல்லை, பெயர் இல்லை, ஆனால் வங்கிக் கணக்கு மட்டும் இருக்கிறது என்றால், அங்கேயே நிறுத்துங்கள். பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

படத்தில் சிக்கியவர்களுக்கு: முதலில் அந்தப் பதிவைத் தேதி, பக்கத்தின் பெயர், இணைப்போடு திரைப்பிடிப்பாகச் சேமித்து வையுங்கள். பதிவை நீக்கிவிட்டால் ஆதாரமும் போய்விடும். பிறகு அந்தத் தளத்திலேயே புகார் செய்யுங்கள். நடவடிக்கை இல்லை என்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் கொண்டு போங்கள். உங்கள் படத்தை வைத்துப் பணம் திரட்டினால் போலீஸ் புகார் கட்டாயம். பெரியவர்களுக்கு இது தனியாக முடியாது. வீட்டுப் பிள்ளைகள் கூட உட்கார்ந்து செய்ய வேண்டும். முதலில் அவர்களைக் கேளுங்கள். "நீ ஏன் அங்க போய் ஒக்காந்த?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

கிள்ளான் படத்தை நான் அன்றே நீக்கினேன். தெரிந்த பக்கங்களுக்கெல்லாம் எழுதினேன். சிலர் நீக்கினார்கள், சிலர் பதில்கூடப் போடவில்லை. பாட்டியின் மகனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "எங்கம்மா யாருகிட்டயும் கை நீட்டினதில்ல. அத மட்டும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

அடுத்த மாதம் போனபோது பாட்டியே கூப்பிட்டார்.

"ஏம்மா, படம் புடிக்கிறதுதான் புடிச்ச, ஒழுங்கா ஒண்ணு புடிச்சுக் குடு. நான் போனப்புறம் வைக்கிறதுக்கு வீட்டுல நல்ல படமே இல்ல."

மறுநாள் பச்சைச் சேலையில் வந்திருந்தார். தூணுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன், மாட்டேன் என்றார். வெற்றிலைத் தட்டுக்குப் பின்னால் நேராக உட்கார்ந்து, தராசைக் கையால் இழுத்து முன்னால் வைத்தார். "இது தெரியணும்" என்றார். எட்டுக்குப் பத்து அளவில் அச்செடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். இணையத்தில் போடவில்லை. போடுவதாகவும் இல்லை.

படத்தை வாங்கித் துணியால் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இருபது வெற்றிலையை எண்ணி, பாக்கோடு மடித்து என் கையில் வைத்தார். காசு எடுத்தேன். வேண்டாம் என்றார்.